தோராயமும் வாய்மையும்



உள்ளதை உள்ளவாறு உரைத்தலே வாய்மை என்று நாம் கற்றிருக்கிறோம். அவ்வாறாயின், உள்ளதை முற்றும் உரைக்க இயலாத இடத்தில் வாய்மையாளர் செய்யத்தக்கது யாது? வாய்மூடி இருத்தல் வேண்டுமா? அன்றி, 'ஏறக்குறைய இவ்வளவு' என்று உரைக்கலாமா? உரைத்தால் அது பொய்யாகுமா?

இவ்வினா அறநூல் கற்போர்க்கு மட்டுமே உரியது என்று எண்ணற்க. பல்கலைக்கழகங்களில் கணிதமும் பொறியியலும் பயிலும் நம் பிள்ளைகள் 'எண்ணியல் முறைகள்' என்றொரு பாடம் கற்கின்றனர். அப்பாடம் முழுவதும் இவ்வினாவின் மீதே நிற்கிறது. பள்ளி ஆசிரியர்களாகிய நாம் சரி, தவறு என்னும் இரண்டே குறிகளை இட்டுப் பழகியவர்கள். இப்பாடமோ மூன்றாவது ஒன்றையும் கற்பிக்கிறது. 'இவ்விடை முற்றிலும் சரியன்று. ஆயினும் இவ்வளவுக்கு மேல் பிழைபடாது' என்பதே அது.

இரண்டின் வர்க்கமூலத்தை எடுத்துக்கொள்வோம். எத்தனை தசம இலக்கங்கள் எழுதினாலும் அது முடிவுறாது. ஆயினும் அது 1க்கும் 2க்கும் இடையில் உள்ளது என்பதில் ஐயமில்லை. நடுவிலுள்ள 1.5ஐ வர்க்கம் செய்தால் 2.25 வரும், அது மிகை. ஆகவே விடை 1க்கும் 1.5க்கும் இடையில் உள்ளது. இவ்வாறு பத்து முறை பாதியாக்கினால், ஐயத்தின் அகலம் 1024இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். நியூட்டன்–ராப்சன் முறை இதனினும் விரைவானது. 1இல் தொடங்கினால் 1.5, 1.41667, 1.414216 என மூன்றே படிகளில், பத்து இலட்சத்தில் மூன்று பங்குக்கும் குறைவான பிழையே எஞ்சும். இம்முறைகளைக் கற்பதில் விடையை நெருங்குதல் பாதி. எங்கே நிறுத்தினோம், நிறுத்திய இடத்தில் எவ்வளவு பிழை எஞ்சியிருக்கக்கூடும் என்று கூறுதல் மறுபாதி.

இந்நெறி நம் முன்னோர்க்கும் புதிதன்று. சம்பூத்தீவின் விட்டத்தை ஓர் இலட்சம் யோசனை எனக் கொண்ட பண்டைச் சைனக் கணித அறிஞர்கள், அதனைப் பத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கி, சுற்றளவு 3,16,227 யோசனை, 3 குரோசம், 128 வில், பதின்மூன்றரை அங்குலம், மேலும் சிறிது என்று உரைத்தனர். அந்த 'மேலும் சிறிது' என்னும் அடக்கத்தை நாம் போற்றுதல் வேண்டும். கணக்கு அங்கே முடிந்துவிடவில்லை என்பதை அவர்கள் மறைக்கவில்லை. எனினும் இங்கே மற்றொரு பாடமும் உண்டு. பத்தின் வர்க்கமூலம் ஏறத்தாழ 3.1623, வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமோ ஏறத்தாழ 3.1416. ஆகவே அங்குலம் வரை நுணுகிக் கணித்த அவ்விடையில், தொடக்கத்தில் கொண்ட எண்ணாலேயே இரண்டாயிரம் யோசனைக்கு மேல் வேறுபாடு புகுந்தது. இதனைக் கூறுவது பெரியோரைக் குறை காண்பதற்கன்று. நுணுக்கம் வேறு, துல்லியம் வேறு என்பதை உணர்த்துவதற்கே.

பிழையின் அளவைக் கூறாது விடுவதால் என்ன நேரும்? 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை படைவீடு ஒன்றின் மீது விழுந்து, அமெரிக்கப் படையினர் 28 பேர் மாண்டனர். அதனைத் தடுக்க வேண்டிய பேட்ரியாட் கருவி அவ்வேளையில் செயற்படவில்லை. அதன் கணிப்பொறி நேரத்தைப் பத்தில் ஒரு விநாடிகளாக எண்ணிவந்தது. பத்தில் ஒன்று என்னும் பின்னத்தை இருமை எண்களில் எழுதினால் முடிவுறாது நீளும்; 24 இருமை இலக்கங்களோடு அதனை வெட்டிவிட்டனர். ஒவ்வொரு முறையும் நேர்ந்த பிழை விநாடியின் கோடியில் ஒரு பங்கினும் சற்றுக் குறைவு. நூறு மணி நேரம் இடையறாது இயங்கியபின் அது ஏறத்தாழ 0.34 விநாடியாகத் திரண்டது. அந்நேரத்தில் ஸ்கட் அரைக் கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். கருவி தேடிய இடத்தில் அது இல்லை.

இதனினும் கருதத்தக்கது ஒன்று உண்டு. எட்டு மணி நேரம் இயங்கினாலே குறி விலகுகிறது என்பதை இசுரேலியர் முன்னரே கண்டு அறிவித்திருந்தனர். பிப்ரவரி 21 அன்று கருவியை இயக்குவோர்க்கு எச்சரிக்கையும் அனுப்பப்பட்டது. ஆனால் 'மிக நெடுநேரம்' இயக்கினால் விலகல் நேரும் என்று கூறியதேயன்றி, எத்தனை மணி நேரம் என்று அது கூறவில்லை. திருத்திய நிரல் தஹ்ரான் சென்று சேர்ந்தது பிப்ரவரி 26 அன்று. போர்க் கருவிகளை நாம் போற்றுவோரல்லோம். ஆயினும் எச்சரிக்கையில் ஓர் எண் விடுபட்டதன் விலை யாது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. அவ்வெச்சரிக்கையில் பொய் ஏதுமில்லை, அளவு இல்லை. கவனமின்மையும் உயிர்க்கேட்டுக்கு வாயிலாகும் என்று நம் அறநெறி கூறுவது இதனையன்றோ!

சிறு பிழை எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தாலும் தீமையே. வான்கூவர் பங்குச் சந்தையின் குறியீட்டெண் 1982 சனவரியில் 1000 எனத் தொடங்கிற்று. ஒவ்வொரு கணிப்பிலும் மூன்றாம் தசம இலக்கத்துக்கு அப்பாற்பட்டதை முழுமைப்படுத்தாமல் வெட்டியெறிந்தனர். 1983 நவம்பரில் அது 524.811 எனக் காட்டியது. திருத்திக் கணித்தபோது 1098.892 என வந்தது. தராசை மயிரிழை அளவே சாய்க்கும் வணிகரும், எப்போதும் தம் பக்கமே சாய்த்தால், இறுதியில் பெருங்களவே செய்தவராவர்.

'எல்லாவற்றிலும் பிழையின் எல்லையையே கூறிக்கொண்டிருந்தால் எச்செயலைத்தான் செய்ய முடியும்?' என்று சிலர் வினவலாம். எல்லை தெரிந்தால்தான் துணிந்து செயலாற்ற முடியும். 'இருபது மூட்டை தேறும்; இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம்' என்று விளைச்சலை மதிப்பிடும் உழவரை நம்பி, பதினெட்டுக்குக் கடன் வாங்கலாம். 'இருபது' என்று மட்டும் அடித்துச் சொல்பவரை நம்பியவர் துன்புறுவர். 'எவ்வளவோ தேறும்' என்பவரால் பயன் ஏதுமில்லை.

ஆகவே தோராயம் பொய்யன்று. தோராயத்தை முடிந்த உண்மையென்று காட்டுதலே பொய். எவ்வளவு தோராயம் என்று அறிந்தும் கூறாதிருத்தல் அப்பொய்க்கு உடன்பிறப்பு. பெற்றோர்களே, உங்கள் மக்கள் 'ஏறக்குறைய' என்று விடை கூறினால் கடிந்துரைக்காதீர்கள். 'எவ்வளவுக்குள்?' என்று கேளுங்கள். அவ்வினாவுக்கு அஞ்சாது விடை கூறப் பழகியவர், கணக்கில் மட்டுமன்றிப் பேச்சிலும் வாய்மையாளராகவே வளர்வர்.