பழைய தவறுகளின் கணக்கு

ஒருமுறை தண்டித்து முடித்த தவறை, அடுத்த தவறுக்குத் தண்டனை விதிக்கும்போது மறுபடியும் கணக்கில் சேர்ப்பது நியாயமா என்னும் கேள்வி, தொழிற்சாலை நிலையாணைகளுக்குள், அதாவது வேலை நிபந்தனைகளையும் ஒழுங்கு நடவடிக்கை முறையையும் வகுத்துரைக்கும் சான்றளிக்கப்பட்ட விதிகளுக்குள், நெடுங்காலமாகவே இருந்துவருகிறது. 1946ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டத்தையொட்டி மத்திய அரசு வெளியிட்ட மாதிரி நிலையாணைகள், திருட்டையும் லஞ்சத்தையும் ஒருமுறை செய்தாலே ஒழுங்கீனம் எனக் கொண்டன. தாமத வருகையும் வேலையில் கவனக்குறைவும் வழக்கமாகிவிட்டால்தான் ஒழுங்கீனம் ஆயின. தண்டனையை முடிவுசெய்யும் அதிகாரி தவறின் கடுமையோடு தொழிலாளியின் முந்தைய பணிப்பதிவையும் கருத வேண்டும் என்றும் அவை விதித்தன.

இதற்கு நிர்வாகத் தரப்பு கூறும் நியாயம் வலுவானதே. பழைய தவறுக்கு இரண்டாம் முறை தண்டனை தரப்படுவதில்லை, எச்சரித்த பின்னும் அதையே செய்ததால் புதிய தவறின் கனம்தான் கூடுகிறது என்பது அதன் சாரம். ஆனால் இந்த வாதம் முழுவதும் எச்சரிக்கை என்ற ஒன்றின் மேல் நிற்கிறது. அந்த எச்சரிக்கை நடைமுறையில் எப்படிப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். காலை 6 மணி ஷிப்டுக்குப் பத்து நிமிடம் பிந்தி வந்தவரிடம் அச்சடித்த மெமோ ஒன்று நீட்டப்படுகிறது. பேருந்து வரவில்லை என்று எழுதிக் கொடுத்து மேற்பார்வையாளரைப் பகைத்துக்கொள்வானேன் என எண்ணி, அவர் கையெழுத்திட்டுவிட்டு இயந்திரத்துக்குப் போய்விடுகிறார். பல ஆண்டுகள் கழித்து, அவர் சங்கத்தில் சேர்ந்த பிறகோ ஆட்குறைப்புப் பேச்சு எழுந்த பிறகோ, விளக்கம் தரப்படாத அந்த மெமோக்கள் எல்லாம் நிரூபிக்கப்பட்ட குற்றங்களாகப் பணிநீக்க ஆணையின் கடைசிப் பக்கத்தில் வரிசையாக வந்து நிற்கின்றன. இடைப்பட்ட காலத்தில் நிர்வாகம் கண்டும் காணாமல் விட்ட தாமதங்களுக்கு அந்தப் பக்கத்தில் இடமில்லை.

இந்த ஆபத்தை நீதிமன்றங்கள் உணராமல் இல்லை. மைசூர் மாநில அரசுக்கும் மஞ்சே கௌடாவுக்கும் இடையிலான வழக்கில், முந்தைய தவறுகளைத் தண்டனைக்கு அடிப்படையாக்குவதானால் காரணம் கேட்கும் அறிவிப்பிலேயே அவற்றைக் குறிப்பிட்டுப் பதில் கூற வாய்ப்பளிக்க வேண்டும் என உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு கூறியது. கடுமையான குற்றங்களில் இந்த நிபந்தனையைப் பிந்தைய தீர்ப்புகள் தளர்த்தியுள்ளன. தண்டனை மிகையெனத் தோன்றினால் தொழிலாளர் நீதிமன்றமே அதைக் குறைக்கலாம் என்னும் அதிகாரமும் 1971ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே, தொழிற்தகராறுகள் சட்டத்தின் 11-ஏ பிரிவாக வந்தது. இவையெல்லாம் வேலை போன பிறகு கிடைக்கும் பரிகாரங்கள். வழக்கு முடியக் காத்திருக்கும் குடும்பத்துக்கு அவற்றால் எவ்வளவு பயன் என்பது வேறு கேள்வி.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது இன்னொன்று உண்டு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஒரே விதியை மீண்டும் மீறும் உரிமைதாரருக்கும் மேலாளருக்கும் கூடுதல் தண்டனை வகுத்தது. ஆனால் புதிய குற்றத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முற்பட்ட எந்தத் தண்டனைத் தீர்ப்பையும் அதற்காகக் கணக்கில் கொள்ளக் கூடாது என்று 94ஆம் பிரிவில் தெளிவாகவே சொன்னது. நீதிமன்றத்தில் நிரூபணமான முதலாளியின் குற்றம் இரண்டு ஆண்டுகளில் மறக்கப்பட, மேற்பார்வையாளரின் மேசையில் எழுதப்பட்ட தொழிலாளியின் பத்து நிமிடத் தாமதத்துக்கு மாதிரி நிலையாணைகள் எந்தக் காலவரம்பும் வைக்கவில்லை. இயந்திரத்தின் பாதுகாப்புத் தடுப்பைத் திரும்பத் திரும்பக் கழற்றுபவரையும் மறந்துவிடலாமா என்ற ஆட்சேபம் எழலாம். சக தொழிலாளியின் கையைப் பணயம் வைக்கும் அச்செயலைத் தண்டிக்க அதன் கடுமையே போதும், பழைய கோப்பைத் தேட வேண்டியதில்லை.

1946 சட்டத்துக்கு மாற்றாக 2020இல் தொழில் உறவுத் தொகுப்பு இயற்றப்பட்டுள்ள நிலையில், அதன்கீழ் நிலையாணை எழுதும் ஒவ்வொரு நிறுவனமும், அதைப் பற்றிப் பேச அமரும் ஒவ்வொரு சங்கமும், விளக்கம் கேட்டு விசாரிக்கப்படாத மெமோவும் இரண்டு ஆண்டுகள் கடந்த மெமோவும் தண்டனைக்குக் கணக்கில் வராது என்னும் ஒரு வரியை அதில் சேர்க்க வேண்டும்.