இரண்டு பிறந்த நாட்கள்

பாஞ்சாலங்குறிச்சியில், 1974-ல் எழுப்பிய கட்டபொம்மன் நினைவுக் கோட்டையின் நிழலில் ஒரு பாட்டி பேரனை மடியில் வைத்திருந்தாள். பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்: "வருஷம் ஒண்ணு ஆயிட்டே ஆச்சி, பிள்ளை இன்னும் நிக்கலியே?"

"ரெண்டு மாசம் முந்திப் பொறந்துட்டான் தாயி" என்றாள் பாட்டி, ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிறவள் போல.

அந்தக் குரல் என்னை உறுத்தியது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் மூளை வேகமாக வளர்ந்து அதில் மடிப்புகள் விழுகின்றன. அந்த வளர்ச்சியின் பெரும்பகுதியை இவன் வெளிச்சத்திலும் சந்தடியிலும் கிடந்து முடித்திருக்கிறான். ஆகவேதான் மருத்துவர்கள், குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு இரண்டு வயது வரை, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து வயதைக் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கில் இவனுக்குப் பத்து மாதம். பத்து மாதப் பிள்ளை தனியே நிற்காததில் என்ன அதிசயம்?

ஆனால், இந்தக் கணக்கு கண்ணை மூடிக்கொள்ள ஒரு சாக்காகிவிடக் கூடாது. சில பிள்ளைகளுக்குக் கண்ணிலோ, காதிலோ, கை கால்களிலோ மெய்யாகவே குறை இருக்கும். காலத்தில் கண்டால் உதவலாம். எடையையும் தலைச் சுற்றளவையும் அளப்பது உதவுவதற்காக. தீர்ப்புச் சொல்வதற்கு யாருக்கும் உரிமையில்லை.

அந்தக் குறை தீராமலே நின்றுவிட்டால்? இதே மண்ணில் பேச்சு சரிவர வராத ஊமைத்துரை, இடிக்கப்பட்ட கோட்டையை 1801-ல் மீண்டும் எழுப்பினான். அவனை எதிர்த்துப் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷே அவனை வியந்து எழுதினார்.

இதைப் பாட்டியிடம் சொல்ல வாயெடுத்தேன்; சொல்லவில்லை. அந்தப் பிள்ளை ஊமைத்துரையாகித்தான் தன் மதிப்பை நிலைநாட்ட வேண்டுமா? ஒன்றுமே ஆகாவிட்டாலும் அந்த மடி அவனுடையதுதானே!