எது ஃபித்னா?

பள்ளிவாசல் வரவு செலவுக் கணக்கை ஒருவர் கேட்டால், "ஃபித்னா பண்ணாதீங்க" என்று வாயை அடைத்துவிடுகிறோம். நானும் சொல்லியிருக்கிறேன்.

அரபியில் இச்சொல்லின் வேர், பொன்னை நெருப்பிலிட்டு உருக்கித் தரம் பார்ப்பது. சோதனை, குழப்பம் என்ற பொருள்கள் அதிலிருந்து வந்தவை. கொலையைவிடக் கொடியது என்று அல்பகரா 191ஆம் வசனம் சொல்லும் ஃபித்னாவுக்கு, ஷிர்க் என்றும், மக்காவில் முஃமின்களை வதைத்து மார்க்கத்தைவிட்டுத் திருப்ப முயன்றது என்றும் முஃபஸ்ஸிர்கள் விளக்கம் தருகிறார்கள். கணக்குக் கேட்பது இதில் எங்கே வருகிறது?

அல்அன்ஃபால் 28ஆம் வசனமோ நம் செல்வத்தையும் பிள்ளைகளையுமே ஃபித்னா என்கிறது. அப்படியானால் உண்டியல் சாவி யார் கையில் இருக்கிறதோ, அவரல்லவா நெருப்பில் நிற்கிறார்! வீண்பழி சொல்லி ஜமாஅத்தைப் பிளப்பவரும் உண்டு, மறுக்கவில்லை. கேட்பவரெல்லாம் அவரல்ல.

போன மாதம் நான் அப்படி அடக்கிய பெரியவரை இரண்டு ஜும்ஆவாகக் காணவில்லை. தொழுகை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போகிறேன், இன்ஷா அல்லாஹ்.