ஒரு முத்திரைக்காகக் கடல் கடப்பவர்கள்

அக்கா மகன் ஜப்பானில், ஃபுகுவோகாவில் வேலை பார்க்கிறான். போன வாரம் போனில் கேட்டான்: “மாமா, வந்து பத்து மாசம் ஆயிட்டு. இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் ஒரு வருஷந்தான் செல்லும். கப்பல்ல பூசான் போயிட்டு மறுநாள் திரும்பி வந்தா இன்னொரு வருஷம் ஓட்டலாம்னு இங்க ஒருத்தர் சொல்லுதாரு. சரிதானா?”

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். பதில் ஒரு வரிதான். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கடல் தாண்டிப் போய், அக்கரையில் ஒரு வேலையும் இல்லாமல், திரும்பி வந்ததற்கான முத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வருகிற பயணம். தூத்துக்குடியில் பிறந்தவனுக்குக் கடல் கடப்பது என்றால் மனதில் வருகிற படம் வேறு. அதனால் தோன்றியதை அவ்வப்போது எழுதி வைக்கிறேன்.

*

பெர்மிட் சின்னப் புத்தகம். சாம்பல் நிற அட்டை. உள்ளே போட்டோ, பெயர், பிறந்த இடம், எந்த வகை வண்டி ஓட்டலாம் என்று ஏ முதல் இ வரை ஐந்து கட்டங்கள். தகுதியுள்ள கட்டத்துக்கு நேராக முத்திரை. நம் லைசென்ஸில் என்ன இருக்கிறது என்பதை வேறு நாட்டுப் போலீஸ்காரருக்குப் பல மொழிகளில் எடுத்துச் சொல்லும் ஏடு அது. நம்மூரில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தருகிறார்கள். வழங்கிய நாளிலிருந்து ஒரு வருடம் ஆயுள்.

இதற்குப் பின்னால் இருப்பது 1949 செப்டம்பர் 19 அன்று ஜெனீவாவில் கையெழுத்தான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை. இந்தியா, இலங்கை, ஜப்பான் மூன்றும் அதில் உண்டு. ஒரு நாட்டில் தேர்வு எழுதி ஓட்டக் கற்றவரை இன்னொரு நாடு நம்பிச் சாலையில் விடும் என்பது அதன் சாரம். ஒரு வரம்பையும் முதல் பிரிவிலேயே வைத்திருக்கிறார்கள்: வண்டியோ ஓட்டுநரோ ஒரு நாட்டுக்குள் தொடர்ச்சியாக ஒரு வருடத்துக்கு மேல் தங்கிவிட்டால், இந்தச் சலுகையைத் தர வேண்டிய கட்டாயம் அந்த நாட்டுக்கு இல்லை.

இந்த வரம்பு எனக்கு நியாயமாகவே படுகிறது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் வீட்டுச் சட்டம். உடன்படிக்கை பெரிய மனதோடு மூன்று நாளை ஒரு வருடமாக்கிக் கொடுத்திருக்கிறது. அதற்கு மேல் இருப்பவர் விருந்தாளி இல்லை, அந்த வீட்டுக்காரர். வீட்டு வழக்கத்தை அவர் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

கப்பல் இந்தக் கதைக்குள் வருவது ‘தொடர்ச்சியாக’ என்ற நிபந்தனையால்தான். தொடர்ச்சியை அறுத்துவிட்டால் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கும் என்று சிலர் கண்டுபிடித்தார்கள்.

*

ஃபுகுவோகாவின் ஹகாதா துறைமுகத்திலிருந்து தென்கொரியாவின் பூசானுக்கு இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். 1991 முதல் ‘பீட்டில்’ என்ற அதிவேகப் படகு ஓடியது, மூன்று மணி நேரப் பயணம். பூசானிலிருந்து இரவில் கிளம்பிக் காலையில் ஹகாதா சேரும் பெரிய கப்பலும் உண்டு. ஜப்பான் சட்டப்படி வெளிநாட்டுப் பெர்மிட் அந்த நாட்டில் இறங்கிய நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்பினால் இறங்கிய நாள் புதிதாகிவிடும். பழைய ஓட்டுநருக்குப் புதிய வருடம்.

2002இல் ஜப்பான் அந்த வாசலைச் சாத்திவிட்டது. அங்கே குடியிருப்பவராகப் பதிவு செய்தவர் வெளியே போய் மூன்று மாதத்துக்குள் திரும்பினால், அந்த வருகையைப் புது வருகையாகக் கணக்கில் எடுப்பதில்லை. தெரியாமல் வண்டியை எடுத்தால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம். மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் யென் வரை அபராதம்.

மூடி இருபது வருடத்துக்கு மேலாகிறது. பேச்சு மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அக்கா மகனுக்குச் சொன்னவர் பொய் சொல்லவில்லை. ஒரு காலத்தில் உண்மையாக இருந்ததைச் சொல்லியிருக்கிறார். வெளிநாட்டில் இருப்பவர்களிடம் இப்படிக் காலாவதியான உண்மைகள் நிறையப் புழங்குகின்றன. பொய்யை விட இவற்றைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன், சொல்பவர் நல்லவராக இருப்பதால். சட்டம் அனுமதித்திருந்தாலும் அவனுக்குக் கப்பல் ஒன்றே போதாது. இந்தியப் பெர்மிட்டின் ஆயுளும் அதற்குள் முடிந்துவிடும். பூசானில் இறங்க நம் பாஸ்போர்ட்டுக்குக் கொரிய விசாவும் வேண்டும்.

*

நம் நாட்டிலும் இதே போன்றது நடந்திருக்கிறது, லைசென்ஸுக்குப் பதில் விசாவில். தமிழ்நாட்டில் நீண்ட நாள் தங்க விரும்பிய வெளிநாட்டினர் விசாக் கெடு முடிகிற நேரத்தில் கொழும்புக்குப் போய்ச் சில நாளில் திரும்பி வருவார்கள். 2009 கடைசியில் இந்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது: சுற்றுலா விசாவில் ஒரு முறை வந்து போனால், அடுத்த வருகைக்கு இரண்டு மாத இடைவெளி வேண்டும். மும்பைத் தாக்குதலுக்கு வேவு பார்த்த ஹெட்லி பலமுறை வந்து போனது தெரியவந்த பிறகு எடுத்த முடிவு அது. 2012இல் பெரும்பாலானவர்களுக்கு அதை விலக்கினார்கள். ஜப்பான் மூன்று மாதம் என்றது, நாம் இரண்டு மாதம் என்றோம். ஒரு நாள் பயணத்தை உண்மையான பயணமாக ஏற்கத் தயங்கியதில் இரு நாடும் ஒன்றுதான்.

வண்டியோடு வருகிறவர்களுக்கு இன்னொரு கெடு. ஐரோப்பாவிலிருந்து வேனிலும் மோட்டார் சைக்கிளிலும் தரைவழியாக வருபவர்கள் கார்னே என்ற சுங்கப் பத்திரம் வைத்திருப்பார்கள். இந்தியாவுக்குள் அந்த வண்டிக்கு வரி இல்லாமல் ஆறு மாதம். அதற்குள் வண்டி எல்லையைத் தாண்டிப் போயாக வேண்டும். தெற்கே வந்துவிட்டவர் வரைபடத்தைப் பார்த்தால், தூத்துக்குடிக்கு எதிரே இலங்கை அவ்வளவு பக்கத்தில் இருக்கும். துறைமுகம் இருக்கிறது, கடல் இருக்கிறது, வண்டியை ஏற்றிச் செல்லக் கப்பல் இல்லை.

2011 ஜூன் 13 அன்று இங்கிருந்து கொழும்புக்குப் பயணிகள் கப்பல் தொடங்கினார்கள். 152 கடல் மைல், ஓர் இரவுப் பயணம். கப்பலின் பெயர் ஸ்கோஷியா பிரின்ஸ். கார்களையும் ஏற்றிச் செல்லும்படி 1972இல் கட்டப்பட்டது. இருபது வருடத்துக்கு மேல் அமெரிக்காவின் போர்ட்லாந்துக்கும் கனடாவின் யார்மத்துக்கும் இடையே மக்களையும் வண்டிகளையும் சுமந்தது. ஒரு நாட்டில் படுத்து மறு நாட்டில் எழுந்து, தங்கள் காரிலேயே இறங்கிப் போகும் மனிதர்களைப் பார்த்துப் பழகிய கப்பல். இங்கே சில மாதம்தான் ஓடியது. போதிய வருமானமில்லாமல் அந்த நவம்பரில் நின்றது. அடுத்த வருடம் அதை உடைக்கக் கொடுத்துவிட்டார்கள்.

அது நின்றதை நான் இன்றும் இழப்பாகத்தான் நினைக்கிறேன். இப்போது நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஒரு கப்பல் இருக்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி கிளம்பியது. பயணிகளுக்கு மட்டும்; வண்டி போகாது.

*

1914க்கு முன் சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்களுக்கு வழி தூத்துக்குடிதான். ரயில் இங்கே வந்து நிற்கும், இங்கிருந்து நீராவிக் கப்பல். வ.உ.சி. 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கம் தொடங்கியது இந்த வழித்தடத்துக்காகத்தான். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களை வாங்கி வெள்ளைக்காரக் கம்பெனியோடு போட்டியிட்டார். பயணச்சீட்டு விலையைக் குறைத்துக் குறைத்தே அவரை ஒடுக்கப் பார்த்தார்கள். 1908 மார்ச்சில் கைதானார், 1911இல் சங்கம் கலைந்தது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தபின் வழி தனுஷ்கோடிக்கு மாறிவிட்டது.

அந்தக் கப்பல்களில் போனவர்கள் மலையகத் தோட்டத்துக்கும், கொழும்பு கடைத்தெருவுக்கும், கல்யாணத்துக்கும், சாவுக்கும் போனவர்கள். எல்லாருக்கும் எளிதாக இருந்த பயணமில்லை. தோட்டக் கூலிகளாகப் போனவர்களை ஊருக்கு வெளியே தட்டப்பாறை முகாமில் நோய்க்காக அடைத்து வைத்துத்தான் அனுப்பினார்கள். அன்றும் வாசலில் ஆள் நின்றது, காகிதம் கேட்டது. ஆனால் ஏறியவர் ஒவ்வொருவருக்கும் அக்கரையில் ஒரு காரணம் இருந்தது.

அதற்கும் முந்தையது முத்துக்குளிப்பு. இந்தக் கரையின் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் இலங்கைப் பக்கத்து மன்னார்ப் பார்களில், அதாவது சிப்பி விளையும் கடலடித் திட்டுகளில், குளிக்கப் போவார்கள். கடல் அமைதியாக இருக்கும் மாசி, பங்குனியில் அரசு அறிவிப்புச் செய்யும். மரிச்சுக்கட்டி என்ற வெறும் மணல்வெளியில் ஓலைக் கொட்டகைகளால் ஒரு நகரமே எழும்பும். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டும் கடல்கட்டியைக் கேட்காமல் ஒருவரும் நீரில் இறங்க மாட்டார்கள். எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு படகுக்காரர்களுக்கும் குளியாட்களுக்கும், மீதி அரசுக்கு. சீசன் முடிந்ததும் எல்லாரும் அவரவர் ஊருக்குத் திரும்புவார்கள், கொட்டகைகளைப் பிரித்துவிடுவார்கள். தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல். மன்னார் வளைகுடாவில் இரு நாட்டுக்கும் நடுவே கடலில் கோடு போட்டது 1976இல்.

வலியை விட்டுவிட்டு அந்தக் காலத்தை அழகுபடுத்த எனக்கு மனமில்லை. குளியாட்களின் காது போனது, நெஞ்சு போனது, சிலர் மேலே வரவே இல்லை. நான் எண்ணிப் பார்ப்பது ஒன்றைத்தான். இரண்டு கரையிலும் மெய்யான வேலை இருந்ததால் இடையில் இருந்த கடலும் மெய்யாக இருந்தது. முத்திரைக்காகப் பூசான் போனவருக்குப் பூசான் ஓர் ஊரே இல்லை. அதன் மீன் சந்தையை அவர் பார்த்திருக்க வேண்டியதில்லை, ஒருவரோடும் பேசியிருக்க வேண்டியதில்லை. போனது தெரிந்தால் போதும். அப்படி ஒரு பயணத்தைச் செய்ய வைக்கிற சட்டமும், அதைச் செய்து முடித்து நிம்மதி அடைகிற மனிதரும், இருவருமே சாலையை மறந்துவிடுகிறார்கள்.

*

சாலைக்கு வருகிறேன். ஜப்பானில் தங்கிவிட்ட இந்தியர் செய்ய வேண்டியது, நம் லைசென்ஸை அவர்கள் லைசென்ஸாக மாற்றிக்கொள்வது. அதற்கு ஓட்டியும் காட்ட வேண்டும். பலரும் பல முறை தவறுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இங்கே எட்டுப் போட்டு, வருடக்கணக்கில் திருநெல்வேலி ரோட்டில் ஓட்டியவனுக்கு என்ன தேர்வு என்று நினைத்தேன். பிறகு என்ன பார்க்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தலைகீழான சிவப்பு முக்கோணப் பலகை இருந்தால் கோட்டுக்கு முன் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும், மெதுவாக்கினால் போதாது. இடது பக்கம் திரும்புமுன் வண்டியைச் சாலையின் இடது ஓரத்தோடு ஒட்டிக் கொண்டுவந்து, தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும். வண்டிக்கும் ஓரத்துக்கும் நடுவில் சைக்கிளில் ஒரு பிள்ளை வந்துகொண்டிருக்கலாம். ரயில்வே கேட் திறந்தே இருந்தாலும் நின்றுதான் போக வேண்டும்.

நாமும் அவர்களும் சாலையின் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள்தான். கை பழகியதுதான். ஆனால் அந்தத் தோள் திருப்பலை இங்கே எவரும் நமக்குப் பழக்கிவிடவில்லை. அதைப் பழகாதவர் எத்தனை முறை கப்பலேறித் திரும்பி வந்தாலும், அந்த சைக்கிள் பிள்ளைக்கு அவரால் ஆபத்து அப்படியேதான் இருக்கும். இதைப் புரிந்துகொண்ட பிறகு கோபம் போய்விட்டது. ஜப்பான் வாசலைச் சாத்தியது சரி என்றே நினைக்கிறேன்.

அதே நேரம், வாசலைச் சாத்துகிற அரசு தேர்வுக்கூடத்தின் கதவைத் திறந்து வைக்க வேண்டும். தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் காத்திருக்க வைத்தால், மொழி தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாவிட்டால், மனிதர் குறுக்கு வழிதான் தேடுவார். இது நம் ஆர்.டி.ஓ. அலுவலகங்களுக்கும் பொருந்தும். இங்கே வாழும் வெளிநாட்டவரும் நம் சாலையில்தான் ஓட்டுகிறார்.

*

அக்கா மகனுக்கு எழுதியதை இங்கேயும் எழுதுகிறேன், இந்தக் கரையிலிருந்து வெளியே போகிற மற்றப் பிள்ளைகளுக்கும் உதவும்.

தம்பி, பூசான் வேண்டாம். பார்க்க ஆசையாக இருந்தால் விசா எடுத்து நாலு நாள் தங்கிப் பார்த்துவிட்டு வா, லைசென்ஸுக்காகப் போகாதே. இந்திய லைசென்ஸை ஜப்பான் ஆட்டோமொபைல் கூட்டமைப்பில் கொடுத்து மொழிபெயர்ப்பு வாங்கு. லைசென்ஸ் எடுத்த பிறகு இந்தியாவில் மூன்று மாதமாவது இருந்தாய் என்று காட்ட வேண்டும், பழைய பாஸ்போர்ட்டைத் தேடி வை. விமான நிலையத்தில் தானியங்கி கேட்டில் நுழைந்தால் முத்திரை விழாது; கேட்டு வாங்க வேண்டும். 2025 அக்டோபரிலிருந்து எழுத்துத் தேர்வு பத்துக் கேள்வியிலிருந்து ஐம்பதாகிவிட்டது, நாற்பத்தைந்து சரியாக இருக்க வேண்டும். ஓட்டிப் பழகும் மைதானத்தில் காசு கட்டி இரண்டு மூன்று நாள் பழகு. இறங்கிய நாளிலிருந்து வருடம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, பெர்மிட்டின் ஆயுள் அதற்கும் முன்பே முடியலாம்; இந்த வாரமே பெயர் கொடு. எது முதலில் முடிந்தாலும், அதற்குள் லைசென்ஸ் கைக்கு வராவிட்டால், வரும் வரை சாவியைத் தொடாதே, ரயிலில் போ.