டயரும் ஆகாமியமும்

ஜோகூர் மாநிலத்தின் இந்துக் கோயில்களில், புதிதாக வாங்கிய காருக்குப் பூசை செய்யும்போது நான்கு சக்கரங்களின் அடியிலும் எலுமிச்சம்பழங்களை வைத்து, அவை நசுங்கும்படி வண்டியை முன்னே நகர்த்துவது வழக்கமாக இருந்து வருகிறது. கண்ணேறும் வரவிருக்கும் தீங்கும் அப்பழங்களோடு கழிந்துவிடும் என்பது இதன் பின்னுள்ள நம்பிக்கை. காப்பை வேண்டுவதும் காப்புக்கு ஏற்பாடு செய்வதும் ஒரே செயலின் இரு பாதிகளா, அல்லது முன்னது நிறைவேறிய இடத்தில் பின்னது சற்றுக் குறைந்தாலும் பொறுக்கத்தக்கதா என்னும் வினா இவ்வழக்கத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. வலிமை மிகுந்த இயந்திரமும் பின்சக்கர இயக்கமும் கொண்ட ஒரு காருக்கு, கையிருப்புக்குள் அடங்கும் நல்ல டயரைத் தேடும் ஒருவரிடம் இவ்வினா மிகக் கூர்மையாக வந்து நிற்கிறது; ஏனெனில் அவர் மிச்சம் பிடிக்க நினைப்பது, பழம் வைக்கப்பட்ட அதே இடத்தில்தான்.

பின்சக்கர இயக்கம் என்பது இயந்திரத்தின் விசை முழுவதும் பின்னிரு சக்கரங்களுக்கே செல்லும் அமைப்பாகும். ஒரு டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். அப்பரப்பு தரக்கூடிய பிடிப்புக்கு ஒரு மொத்த வரம்பு உண்டு என்பதால், வண்டியை முன்னே தள்ளுவதற்குச் செலவானது போக எஞ்சிய பிடிப்பே வளைவில் அதைப் பக்கவாட்டில் வழுக்காமல் நிறுத்துகிறது. நனைந்த சாலையில் வளைவு முடியுமுன்னே ஓட்டுநர் விசையைக் கூட்டிவிட்டால், இருந்த பிடிப்பெல்லாம் தள்ளுவதற்கே போய்விட, வண்டியின் பின்புறம் வெளிப்பக்கமாக வீசி எறியப்படுகிறது. இத்தகைய கார்கள் பலவற்றில் பின்டயர்கள் முன்டயர்களைவிட அகலமானவை. அகலம் உலர்ந்த தரையில் உதவினாலும், தேங்கிய நீரின்மேல் அதே அகலம் டயரை விரைவில் மிதக்கச் செய்துவிடும். வடகிழக்குப் பருவமழை நவம்பர் முதல் மார்ச் வரை மெர்சிங், கோத்தா திங்கிப் பக்கங்களில் கொட்டித் தீர்ப்பதையும், 2006ஆம் ஆண்டின் இறுதியிலும் 2007ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் கோத்தா திங்கியும் சிகாமட்டும் வெள்ளத்தில் மூழ்கியதையும் அறிந்த ஜோகூர்க்காரருக்கு, மழை விதிவிலக்கன்று, ஆண்டின் ஒரு பெரும்பகுதி.

டயரின் பக்கச்சுவர் ஈரத்தரைப் பிடிப்பைப் பற்றிச் சொல்வது கொஞ்சமே. அதில் அச்சிடப்படும் ‘டிரெட்வேர்’ எண், 100 என்று வைத்துக்கொள்ளப்பட்ட ஓர் ஒப்பீட்டு டயரோடு நோக்க இது எவ்வளவு உழைக்கும் என்பதை உற்பத்தியாளரே மதிப்பிட்டுத் தரும் எண்ணாகையால், ஒரு நிறுவனத்தின் 300ஐ மற்றொரு நிறுவனத்தின் 300ஓடு ஒப்பிடுவது பயன் தராது. 200 அளவில் இருப்பவை பொதுவாக மென்மையான ரப்பர் கொண்டு பந்தயத் தடத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அவற்றில் நீரை வெளியேற்றும் பள்ளங்கள் குறைவு. எண்ணுக்கு அருகே காணப்படும் ‘ஏஏ’, ‘ஏ’ போன்ற தரக்குறி, ஈரத்தரையில் நேர்கோட்டில் பிரேக் பிடிக்கும்போது டயர் காட்டும் பிடிப்பை மட்டுமே அளப்பது. வளைவில் என்ன ஆகும், தேங்கிய நீரில் என்ன ஆகும் என்பவற்றை அது அளப்பதே இல்லை. உற்பத்தி நாளைக் குறிக்கும் நான்கு இலக்கங்கள்தாம் இவற்றுள் ஒளிவுமறைவற்றவை: 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் என்று பொருள். தள்ளுபடி விலைக்கு வரும் டயர் சில வேளைகளில் நெடுநாள் கிடந்த சரக்காக இருக்கும் என்பதால், விலையைக் கேட்குமுன் இவ்விலக்கங்களைக் குனிந்து பார்ப்பது நல்லது.

இத்தனையும் தெரிந்திருந்தும், அல்லது தெரிந்துகொள்ள வாய்ப்பிருந்தும், மலிவு ஒன்றையே நோக்கி வாங்கியவர் விபத்துக்குப் பின் அதனை விதி என்று சொல்லும்போதுதான் தத்துவச் சிக்கல் எழுகிறது. சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பகுக்கிறது: பல பிறவிகளில் ஈட்டப்பட்டுத் தொகுதியாகக் கிடப்பது சஞ்சிதம், அத்தொகுதியிலிருந்து இப்பிறவியில் நுகர்வதற்கென வந்தது பிராரத்தம், அவ்வாறு நுகரும்போதே இப்போது புதிதாக ஈட்டப்படுவது ஆகாமியம். மழை பெய்ததும், எதிரே லாரி வந்ததும் பிராரத்தமாக இருக்கலாம். பள்ளம் குறைந்த டயரோடு அந்த மழைக்குள் சென்றது எவ்வகையிலும் அவ்வரிசையில் சேராது. அது கடையில் பணத்தை எண்ணிக் கொடுத்த அன்றே ஈட்டப்பட்ட ஆகாமியம். திருக்குறளில் ஊழுக்கு 38ஆம் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு, அதாவது தளராத முயற்சிக்கு, 62ஆம் அதிகாரமும் வகுக்கப்பட்டிருப்பதைப் பலர் முரண்பாடாகக் காண்பதுண்டு. நுகர்வது ஒன்று, ஈட்டுவது வேறு என்று கொண்டால் அம்முரண்பாட்டின் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது.

ஆயினும் இங்கே ஒரு வலுவான தடை எழுப்பப்படக்கூடும். அடிபட்டு வீழ்ந்தவர் தம் பிராரத்தத்தையே நுகர்ந்தார் எனில், ஓட்டியவர் அதனை நிறைவேற்றிய வெறுங்கருவிதானே, அவர்மேல் பழி எப்படி ஏறும் என்பதே அத்தடை. இதற்கு விடை, கருவியாகும் தகுதியை யார் ஈட்டினார் என்று கேட்பதில் இருக்கிறது. வீழ்ந்தவருக்கு வரவேண்டியது எவ்வழியிலேனும் வந்திருக்கும் என்று ஒப்புக்கொண்டாலும், அவ்வழியாகத் தம்மைத் திறந்து வைத்தது ஓட்டியவரின் வினையேயன்றி வேறெவருடையதும் அன்று. அமெரிக்கத் தத்துவ அறிஞர் தாமஸ் நேகல் 1970களில் ‘அறநெறி சார்ந்த நற்பேறு’ என்னும் சிக்கலை ஆராய்ந்தபோது, பிரேக்கைச் சோதித்துக்கொள்ளாமல் விட்ட ஒரு லாரி ஓட்டுநரை எடுத்துக்காட்டினார்: குழந்தை ஒன்று குறுக்கே வந்துவிட்டால் அவர் பெருங்குற்றவாளி, வராவிட்டால் சிறு அசட்டையாளர், ஆனால் குழந்தை வருவதும் வராததும் அவர் கையில் இல்லை. மேலைச் சிந்தனையை இச்சிக்கல் இன்றளவும் அலைக்கழிக்கிறது. ஆகாமியம் என்னும் கருத்து இதற்கு ஒரு வழி காட்டுகிறது எனலாம். வினை செய்யப்பட்ட கணத்திலேயே செய்தவரைச் சேர்ந்துவிடுமாயின், பத்திரமாக வீடு திரும்பியவரும் அந்த அசட்டையின் கணக்கிலிருந்து தப்பவில்லை. ஆனால் மாண்ட குழந்தைக்கும் மாளாத குழந்தைக்கும் வினைக்கணக்கில் வேறுபாடே இல்லை என்று எந்தத் தாயிடமும் சொல்ல முடியாது; அந்த அளவுக்கு நேகலின் சிக்கல் தீராமலே நிற்கிறது.

சிக்கனத்தின் தன்மையும் இவ்விடத்தில் பிரித்துணரத்தக்கது. கூலாய், குளுவாங், லாபிஸ் வட்டாரங்களின் ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பால்மரம் சீவச் சென்ற தலைமுறை, தன் சோற்றையும் துணியையும் குறைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. (அவர்கள் சீவிய பாலின் வகை இன்று காரின் டயரில் பெரும்பாலும் பக்கச்சுவரிலும் உட்கூட்டிலுமே சேர்கிறது, தரையைத் தொடும் மேற்பட்டையில் செயற்கை ரப்பரே மிகுதி.) அந்தச் சிக்கனத்தின் இழப்பு முழுவதும் சிக்கனம் செய்தவரையே சார்ந்தது, அதனால்தான் அது அறமாயிற்று. டயரில் பிடிக்கும் மிச்சம் அத்தகையதன்று. சிங்கப்பூரில் வேலைக்குச் செல்ல இருள் பிரியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பும் ஆயிரக்கணக்கானோர் அதே சாலையில்தான் வருகின்றனர். அவர்களுடைய ஒப்புதலைக் கேளாமலே அவர்களுடைய பாதுகாப்பிலிருந்து அத்தொகை எடுக்கப்படுகிறது. 1998இல் மலேசிய மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரி நடைபெற்ற பாசிர் கூடாங் பந்தயத் தடம் போன்ற இடத்தில் பள்ளம் குறைந்த டயரோடு இறங்குபவர், அதே ஆபத்தை அறிந்து ஏற்றவர்களிடையே இறங்குகிறார். தடத்தைவிட்டு வெளியேறி நெடுஞ்சாலையில் ஏறிய உடனே அதே டயர் வேறோர் அறவினை ஆகிவிடுகிறது.

அப்படியானால் வசதி குறைந்தவர் என்ன செய்வது? இச்சிக்கலின் வேர் டயர்க்கடையில் இல்லை. விலையுயர்ந்த ஜெர்மானிய, ஜப்பானியப் பின்சக்கரக் கார்களின் விலை பத்தாண்டுகளில் எளியவரும் எட்டும் அளவுக்கு இறங்கிவிடுகிறது. அவற்றுக்கு வேண்டிய 18 அங்குல டயரின் விலையோ ஒரு காசும் இறங்குவதில்லை. காரைப் பேரம் பேசும் நாளிலேயே நான்கு டயர்களின் விலையையும் கூட்டிப் பார்க்காதவர், பின்னர் அக்கூட்டலை எங்கேனும் ஓரிடத்தில் கழித்தாக வேண்டியவராகிறார். ஆயினும் பிறரைத் தொடாத மிச்சங்கள் சில உண்டு. குளிர் என்பதே இல்லாத ஜோகூரில் பனிக்காலத்தையும் எண்ணிச் செய்யப்பட்ட டயருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. புகழ்பெற்ற நிறுவனத்தின் உச்ச வகையை விட்டு, ஈரப்பிடிப்பில் நற்பெயர் பெற்ற இடைநிலை வகையை வாங்கலாம். இரண்டுக்கே பணம் இருந்தால், முன்பின் ஒரே அளவு கொண்ட வண்டியில் புதியவை இரண்டையும் பின்னால் பூட்டலாம். எல்லாவற்றிலும் மேலானது, பிரேக்குக்கு இடம் இருந்து, சுமை தாங்கும் குறியீட்டு எண்ணும் குறையாதிருக்குமாயின், 18 அங்குலச் சக்கரத்தைக் கழற்றி 17 அங்குலத்துக்கு இறங்குவது. டயரின் விலை கணிசமாகக் குறையும், பிடிப்பில் பெரிய குறையும் நேராது. காரின் தோற்றம் மட்டும் சற்று மங்கும். கடைக்கு வருவோரில் மிகப் பலர் மறுப்பது இந்த ஒரு மிச்சத்தைத்தான்.