தொட்டிக்குள் நடக்கும் கொலை யார் கணக்கில்?

சென்னை கொளத்தூரின் அலங்கார மீன் கடைகளில் நீலமும் சிவப்புமாக நிற்கும் கிரேஃபிஷ் என்ற கொடுக்குள்ள நன்னீர் உயிரைப் பார்த்ததும் பலருக்கு ஆசை வந்துவிடும். “வீட்டில் இருக்கிற மீன்களோடு விடலாமா?” என்று கேட்டால், “தீனி ஒழுங்காகப் போட்டால் ஒன்றும் செய்யாது” என்ற பதில் கிடைக்கலாம். வாங்கிக்கொண்டு போகிறார்கள். சில நாள் எதுவும் நடப்பதில்லை. ஒரு நாள் காலையில் கோல்டு ஃபிஷின் வால் பாதிதான் இருக்கிறது. அடுத்த வாரம் மீனையே காணோம். “அது அதன் சுபாவம், நாம் என்ன செய்ய முடியும்?” என்பதோடு வீட்டில் பேச்சு முடிந்துவிடுகிறது.

அங்கே முடிந்துவிடக் கூடாத பேச்சு அது. ஓர் உயிர் போயிருக்கிறது. கொன்ற கொடுக்குக்குப் பாவ புண்ணியம் தெரியாது. அப்படியானால் அந்தச் சாவு யார் கணக்கில் சேரும்?

கிரேஃபிஷ் ஒரு வேட்டைக்காரன் என்று சொல்வது பாதிதான் உண்மை. லூசியானாவின் சதுப்பு நீரிலும் ஃபுளோரிடாவின் ஓடைகளிலும் அது பெரும்பாலும் அழுகிய இலை, பாசி, நத்தை, புழு, செத்த மீன் என்று அடியில் கிடைப்பதைத் தின்று வாழ்கிறது. நீந்தும் மீனைத் துரத்திப் பிடிக்கும் வேகம் அதற்கு இல்லை. ஆனால் அது இரவில் நடமாடும் உயிர். விளக்கணைந்த பின் மீன்கள் அசையாமல் கிடக்கும் நேரத்தில் தரையோரம் வருகிறது. நீண்ட துடுப்புள்ள ஃபைட்டர், ஏஞ்சல், மெதுவாக நீந்தும் கோல்டு ஃபிஷ், தரையிலேயே படுக்கும் கோரிடோரஸ் ஆகியவைதான் முதலில் சிக்குகின்றன. ஆற்றில் அந்த மீனுக்கு ஒதுங்க நூறு இடம் இருந்திருக்கும். இரண்டடித் தொட்டியில் கொடுக்கு எட்டாத இடமே இல்லை.

ஓடு கழற்றும் நாளில் நிலைமை அப்படியே மாறுகிறது. உடல் வளர்ந்தாலும் ஓடு வளர்வதில்லை. பழையதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். முதுகோடும் வாலும் சேரும் இடத்தில் ஓடு பிளக்கிறது. கிரேஃபிஷ் பக்கவாட்டில் சாய்ந்து, கொடுக்கு, கால்கள், மீசை, கண்ணை மூடிய மெல்லிய உறை என்று ஒவ்வொன்றையும் உருவிக்கொண்டு, வாலை ஒரு உதறு உதறி வெளியே வருகிறது. பக்கத்தில் இன்னொரு கிரேஃபிஷ் கிடப்பதுபோல் வெற்று ஓடு முழு உருவத்தோடு கிடக்கும். சுண்ணாம்புச் சத்துக்காக அந்த ஓட்டையே பிறகு தின்றுவிடும். புது ஓடு கெட்டிப்படும்வரை உடம்பு மெத்தென்று இருக்கும். கொடுக்கு இருந்தும் பயனில்லை. அந்த நேரத்தில் சிக்லிட் போன்ற முரட்டு மீன்கள் அதைக் கிழித்துத் தின்றுவிடும். அதே தொட்டியில் இன்று கொல்வது நாளை சாகிறது. இரண்டுக்கும் தப்பிக்க வழி இல்லை.

இவை எல்லாம் வெறும் நண்டும் மீனும்தானே என்ற எண்ணத்துக்கு இன்று ஆதாரம் மிகவும் குறைந்துவிட்டது. 2003-ல் ஆய்வாளர் லின் ஸ்னெடனும் அவரோடு பணியாற்றியவர்களும் டிரவுட் மீன்களின் உதட்டில் தேனீ விஷத்தையும் அமிலத்தையும் செலுத்திப் பார்த்தார்கள். அமிலம் ஏறிய மீன்கள் உதட்டைச் சரளைக் கல்லில் தேய்த்தன. மார்ஃபின் கொடுத்ததும் அது குறைந்தது. 2014-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் சிவப்புச் சதுப்பு கிரேஃபிஷை வைத்து ஒரு சோதனை செய்து ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். கூட்டல் குறி வடிவில் நீர்ப்பாதை. இரண்டு கைகளில் வெளிச்சம், இரண்டில் இருட்டு. சாதாரண கிரேஃபிஷ் வெளிச்சத்திலும் சுற்றிப் பார்த்தது. மின்னதிர்ச்சியால் அலைக்கழிக்கப்பட்டது வெளிச்சப் பக்கம் வர மறுத்தது. மனிதர்களின் பதற்றத்துக்குக் கொடுக்கும் மருந்து வகையைச் செலுத்தியதும் மறுபடி வெளியே வந்தது. பிரிட்டன் 2022-ல் இயற்றிய விலங்கு உணர்வுச் சட்டம் நண்டு, இறால், கிரேஃபிஷ் வகைகளையும் உணர்வுள்ள உயிர்களாக ஏற்றுக்கொண்டது. தமிழ் வாசகருக்கு இது முற்றிலும் புதிய எண்ணம் அல்ல. தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை அறிவின் அளவால் ஆறு படிகளாகப் பிரிக்கும்போது நண்டை நான்காம் படியில் வைக்கிறது.

உயிர்கள் ஒன்றை ஒன்று தின்பதில் குற்றம் எங்கே என்ற கேள்விக்கு அமெரிக்கத் தத்துவ அறிஞர் டாம் ரீகன் 1983-ல் தெளிவாக ஒரு விடை சொன்னார். ஓநாய் ஆட்டைக் கொன்றால் ஆட்டின் உரிமை மீறப்படுவதில்லை. சரி தவறு அறிந்து நடக்கும் பொறுப்பு ஓநாய்க்கு இல்லை என்பது அவர் வாதம். இந்த விடையால் கிரேஃபிஷ் விடுதலையாகிறது. வளர்ப்பவர் விடுதலையாவதில்லை. காட்டில் ஆட்டையும் ஓநாயையும் யாரும் ஒரே அறையில் அடைத்து வைக்கவில்லை. தொட்டியில் அடைத்தவர் ஒருவர் இருக்கிறார். கண்ணாடி வாங்கியதும், தண்ணீர் நிரப்பியதும், எந்த உயிர் எதனோடு இருக்க வேண்டும் என்று முடிவு செய்ததும் அவர்தான். “இயற்கை” என்ற சொல் ஆற்றுக்குப் பொருந்தும். அந்த நாலு கண்ணாடிச் சுவருக்குள் நடப்பதற்கு அது பொருந்தாது.

சமண அறவியல் இந்த இடத்தைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அளந்து வைத்திருக்கிறது. கொலையைத் தானே செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, செய்ததற்கு உடன்படுவது என மூன்றையும் அது வினையாகவே எண்ணுகிறது. தத்துவார்த்த சூத்திரம் என்ற சமண நூல் இம்சைக்குக் கூறும் இலக்கணத்தில் முக்கியமான சொல் கவனக்குறைவு. அசட்டையாக நடந்து உயிரைப் போக்குவதுதான் இம்சை. “எனக்குத் தெரியாது” என்று சொல்பவரிடம் “தெரிந்துகொள்ள ஏன் முயலவில்லை?” என்று இந்தப் பார்வை கேட்கிறது. இல்லறத்தார் ஏற்கும் கொல்லாமை விரதத்துக்கு வரும் ஐந்து குற்றங்களையும் அதே நூல் வரிசைப்படுத்துகிறது: கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகையான சுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். முதலில் நிற்பது கட்டி வைத்தல் என்பதைத் தொட்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். அடைத்து வைத்த உயிருக்கு நேர்வதெல்லாம் அடைத்தவரின் பொறுப்போடு சேர்ந்தே வருகிறது.

பௌத்தம் இதில் வேறு பக்கம் நிற்கிறது. மஜ்ஜிம நிகாயத்தின் உபாலி சுத்தத்தில், உடலால் செய்யும் வினை பெரிதா, மனத்தால் செய்யும் வினை பெரிதா என்று நாளந்தாவில் வாதம் நடக்கிறது. சமணத் துறவி உடல்வினை என்கிறார். புத்தர் மனவினை என்கிறார். இந்த அளவுகோலில், மீன் சாக வேண்டும் என்று நினைக்காமலே கிரேஃபிஷை விட்டவரின் குற்றம் இலேசானது. முதல் மீன் சாகும்வரை அந்த வாதம் செல்லும். வால் அறுந்ததைக் கண்ட பிறகும் அடுத்த மீனை வாங்கி அதே தண்ணீரில் விடுபவரின் மனம், தெரிந்தே விடும் மனம். அந்த இரண்டாவது மீனின் விஷயத்தில் இரு சமயங்களின் தீர்ப்பும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுகிறது.

இப்படிச் சொல்லும்போது கிரேஃபிஷைக் குற்றவாளியாக்கி ஒதுக்குவதும் நியாயமில்லை. சோழர்கள் தம் முன்னோனாகப் போற்றிய சிபியின் கதையில் புறா மட்டுமா முறையிடுகிறது? பருந்தும் முறையிடுகிறது: என் இரையைப் பிடுங்கினால் என் பசிக்கு யார் பதில் சொல்வது? அந்தக் கேள்வியைச் சிபி தட்டிக்கழிக்கவில்லை. அடைக்கலம் தந்தவன் என்ற முறையில் இரண்டு உயிருக்கும் தானே கடன்பட்டவன் என்று ஏற்றான். தத்துவ அறிஞர் மார்த்தா நஸ்பாம் 2006-ல் எழுதிய ‘ஃபிரண்டியர்ஸ் ஆஃப் ஜஸ்டிஸ்’ நூலில் இதற்கு இன்றைய உதாரணம் ஒன்று உண்டு. நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக்காட்சிச் சாலையில் புலிக்கு உயிருள்ள மானைக் கொடுக்காமல், கயிற்றில் கட்டிய கனமான பந்தைக் கொடுத்தார்கள். பாய்ந்து பிடித்து இழுக்கும் அதன் இயல்புக்கு அது இடம் தந்தது. எந்த மானும் சாகவில்லை.

கிரேஃபிஷுக்கு அந்தப் பந்து மிகவும் மலிவாகக் கிடைக்கும். தரையில் மூழ்கும் தீனி, வேகவைத்த பட்டாணி, காய்ந்த நாட்டு வாதுமை இலை, ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டு, தோண்டுவதற்கு மணல் போதும். இரவு விளக்கணைத்த பிறகு தீனி போட்டால் குழாயிலிருந்து மீசை முதலில் வெளியே வரும். பிறகு சிறிய முன்கால்களால் தரையைத் தட்டித் தட்டித் தேடும். அதற்கு வேண்டிய வேலை அதுதான். மீன்களோடுதான் வைக்க வேண்டும் என்பவர்கள், மெக்சிகோவின் பாட்ஸ்குவாரோ ஏரியைச் சேர்ந்த நான்கைந்து சென்டிமீட்டருக்கு மேல் வளராத குள்ள கிரேஃபிஷைத் தேர்ந்தெடுக்கலாம். மேல்மட்டத்தில் விரையும் டேனியோ போன்ற மீன்களோடு அது ஓரளவு ஒத்துப்போகும். பெரிய இனங்களுக்குத் தனித் தொட்டிதான் வழி.

தவறு புரிந்தவுடன் சிலருக்குத் தோன்றும் இன்னொரு வழி, கொண்டுபோய் ஏரியில் விட்டுவிடுவது. புண்ணியம் போலத் தெரியும் அந்தக் காரியம் வினையைப் பல மடங்காக்கும். 2015-ல் இங்கிலாந்தின் பிரைட்டன் கரையோரம் பௌத்தர்கள் சிலர் உயிர்விடுதலைச் சடங்காக நூற்றுக்கணக்கான அமெரிக்க லாப்ஸ்டர்களையும் நண்டுகளையும் கடலில் விட்டார்கள். அவை அந்தக் கடலுக்கு அந்நியமானவை. திரும்பப் பிடிக்க மீனவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. 2017-ல் நீதிமன்றம் சம்பந்தப்பட்டவர்களுக்கு அபராதம் விதித்தது. ஜெர்மனியில் 1990-களில் மீன் தொட்டிகளில் தென்பட்ட பளிங்கு கிரேஃபிஷின் கதை இன்னும் கடுமையானது. எல்லாம் பெண்; ஆண் துணையின்றியே குஞ்சு பொரிக்கும். ஒன்று வெளியே போனாலே ஒரு கூட்டம் உருவாகிவிடும். இன்று அது ஐரோப்பாவின் பல நாடுகளிலும் மடகாஸ்கரிலும் பரவிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2016-ல் அதை வளர்க்கவும் விற்கவும் தடை போட்டது. இந்தியாவின் ஆறு குளங்களில் இயற்கையாக கிரேஃபிஷ் கிடையாது. இங்கே விடப்படும் ஒவ்வொன்றும் அந்நிய உயிர். அதன் கொடுக்குக்கு முன் நிற்கப்போவது நம் கெண்டைக் குஞ்சும் நத்தையும்தான்.

ஆகவே கிரேஃபிஷும் மீனும் ஒரே தொட்டியில் இருக்கும் வீட்டில் இன்றைக்கே செய்யக்கூடியது, கிரேஃபிஷை மூடியுள்ள தனித் தொட்டிக்கு மாற்றுவது; காற்றுக் குழாயைப் பிடித்து ஏறி வெளியே விழும் பழக்கம் உள்ளதால் மூடி கட்டாயம். அதற்கு வசதி இல்லாவிட்டால் வாங்கிய கடையில் கேட்டுப் பார்க்கலாம், அல்லது தனியாக வளர்க்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுக்கலாம். புதிதாக வாங்க நினைப்பவர், அந்த இனம் எவ்வளவு பெரிதாக வளரும், இரவில் என்ன தின்னும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தனி இடம் தர முடியும் என்றால் மட்டும் வாங்கட்டும்.