கதவைத் தட்டிய மூன்று பேர்

என்னைக் கடவுள் அழைப்பதற்கு முன்பே அம்மா நேர்ந்துவிட்டார். பிரசவம் சிக்கலான அன்று, "பிள்ளை பிழைச்சா உம்முடைய ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறேன்" என்று பொருத்தனை. பிழைத்தேன். பொறியியல் படித்தேன். இப்போது திருமுல்லைவாயிலில் வாடகை வீட்டில் உட்கார்ந்து மென்பொருள் எழுதுகிறேன். அம்மா இன்னும் போனில் கேட்கிறார்: "டேய், கர்த்தருக்குச் சொன்ன வாக்கு என்னடா ஆச்சு?" கிறிஸ்தவ வீடுகளில் இது அபூர்வமில்லை. என் பழைய டீமிலேயே இன்னொரு பொருத்தனைப் பிள்ளை இருந்தான்.

ஒருவர் கொடுத்த வாக்கு இன்னொருவரைக் கட்டுமா? அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. அன்னாள் சாமுவேலைக் கொடுக்கவில்லையா என்பார். ஆனால் அந்தக் கதையை நிதானமாகப் படித்தால் வேறொன்று தெரிகிறது. அன்னாள் பிள்ளையைக் கோயிலிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டாள். அப்படியும் ஒரு ராத்திரி அவன் தனியாக, தன் பெயர் சொல்லிக் கூப்பிடப்பட வேண்டியிருக்கிறது. அதையும் அவன் கிழவர் ஏலி கூப்பிடுகிறார் என்று நினைத்து மூன்று தடவை எழுந்து ஓடுகிறான். தாயின் வாக்கு அவனை அந்தக் கோயில்வரை கொண்டுவந்தது, அவ்வளவுதான்.

இப்படிக் குடும்பமே ஒரு வழியை எழுதிவைத்த ஒருத்தியின் கதை நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. ஐடா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா ஜான் ஸ்கடர் 1819-ல் இலங்கைக்குக் கப்பலேறிய அமெரிக்க மருத்துவ மிஷனரி. அப்பாவும் மிஷனரி டாக்டர். ஐடாவுக்கோ இந்தப் பிழைப்பே வேண்டாம். குழந்தையாக இருந்தபோது பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர். அமெரிக்காவிலேயே இருந்துவிடலாம் என்றிருந்தவர், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றுதான் திண்டிவனம் வந்தார்.

அங்கே ஒரே ராத்திரியில் மூன்று ஆண்கள் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறொரு உயர்சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில். அப்பா வருவார் என்றார் ஐடா. அந்நிய ஆண் எங்கள் பெண்ணைத் தொடக்கூடாது, நீங்கள் வாருங்கள் என்றார்கள். அவருக்கு வைத்தியம் தெரியாது. விடியும்போது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1899-ல் கார்னெலில் பட்டம் வாங்கி, 1900-ல் திரும்பினார். வேலூரில் ஒரு கட்டிலோடு ஆரம்பித்த சிகிச்சை 1902-ல் மருத்துவமனையாகி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகி, இன்றைய சி.எம்.சி.யாக நிற்கிறது. காட்பாடி போகும் ரயில்கள் நிற்காமல்தான் எங்கள் ஸ்டேஷனைக் கடக்கின்றன. ஜன்னலோரம் எக்ஸ்ரே கவரை மடியில் வைத்தபடி வங்காளத்துக் குடும்பங்கள்.

எத்தனையோ பிரசங்கங்களில் இந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன். முடிவில், "யார் தங்களை ஒப்புக்கொடுக்கிறீர்கள்?" என்பார்கள். நானும் காலேஜில் ஒருமுறை கையைத் தூக்கியிருக்கிறேன். அந்த மூன்று பெண்களைப் பற்றி மட்டும் யாரும் பேசிக் கேட்டதில்லை. அவர்கள் பெயர்கூடக் கதையில் வருவதில்லை. அந்த இரவுதான் கடவுளின் அழைப்பு என்றால் அவர்கள் யார்? ஒரு அமெரிக்கப் பெண்ணுக்குச் செய்தி அனுப்ப மூன்று உயிர் செலவாயிற்றா? அப்படிப்பட்ட கடவுளிடம் என்னால் ஜெபிக்க முடியாது. பிரசவத்துக்கு ஆளில்லாததாலும், ஆண் டாக்டர் தொடக்கூடாது என்றதாலும் செத்தார்கள். கடவுளின் ஏற்பாடு என்று அதைச் சொல்வது பாவம் என்றே நினைக்கிறேன்.

அப்படியென்றால் அழைப்பு எங்கே இருந்தது? ஐடாவைக் கேட்டவர்கள் அவர் குடும்ப வரலாறு தெரிந்தவர்கள் இல்லை. அவருடைய திறமையையும் கேட்கவில்லை, அது அவரிடம் இல்லவும் இல்லை. தேவை இருந்தது, கதவருகே அவர் இருந்தார். காலையில் அந்தச் சாவுகளை, 'என்ன செய்வது, பாவம்' என்று விட்டுவிட அவருக்கு முழு உரிமை இருந்தது. விடவில்லை. அதற்குப் பிறகுதான் அந்த இரவுக்கு அழைப்பு என்று பெயர் வந்தது. அவர் விட்டிருந்தால் அது திண்டிவனத்தில் ஒரு கெட்ட ராத்திரி, அவ்வளவே. அப்படி எத்தனை ராத்திரிகள் பெயரில்லாமல் போயிருக்கும்!

சரி, என் கதவுக்கு வருகிறேன். போன வருஷம் ஒரு ரிலீஸ் ராத்திரி, பதினொன்றரை இருக்கும். எதிர் வீட்டு அக்கா தட்டினார். "தம்பி, மாமாவுக்கு நெஞ்சு வலிக்குதுங்குறாரு, கார் எடுக்க முடியுமா?" காதில் ஹெட்செட், லைனில் ஆறு பேர். "அக்கா, 108 கூப்பிடுங்க, அதுதான் சேஃப்" என்றேன். அது சரியான யோசனைதான். பொய்யும் சொல்லவில்லை. ஆனால் அவர் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டதும் எனக்கு வந்தது நிம்மதி.

ஆம்புலன்ஸ் வந்தது. நாலு நாளில் மாமா வீட்டுக்குத் திரும்பிவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் எனக்குச் சொல்லக் கதையும் இல்லை. ஆகியிருந்தால் ஒருவேளை நானும் மேடையேறிச் சாட்சி சொல்லியிருப்பேனோ என்று தோன்றியபோது உடம்பு கூசியது.

பொங்கலன்று அக்கா ஒரு தூக்கில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பினார். தூக்கைக் கழுவித் திருப்பிக் கொடுக்கப் போனேன். மாமாதான் கதவைத் திறந்தார். "உள்ள வா தம்பி" என்றார். ஒரு கால் இருக்கு மாமா என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றினேன்.